தண்ணீரோடு சண்டை போடாதவள்

மழை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த ஒரு காலை. ஆய்வகத்துத் தொலைபேசி அடித்தது, எடுத்தது நான். மறுமுனையில் ஜோசப், ரோஸ்லினின் கணவர். “திலகா, ரோஸி போயிட்டா” என்றார். பிறகு பெங்களூர் சிவாஜிநகரில் அவர்கள் வீட்டுக்கு முன்னால் போகிற பஸ்களின் இரைச்சல் மட்டும் போனில் கேட்டுக்கொண்டிருந்தது. இந்தச் செய்தி வரும் என்று ஒரு மாதமாகவே எனக்குத் தெரியும். வயிற்றில் வந்த நோய் அவளை எப்படித் தின்றுகொண்டிருந்தது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். இருந்தும் அந்த நிமிடத்தில் என் மனத்தில் முதலில் வந்தது துக்கம் இல்லை. ‘இதிலயும் எனக்கு முந்திக்கிட்டாளே, பாவி’ என்றுதான் தோன்றியது. அதற்கப்புறம்தான் அழுகை வந்தது.

கல்லறையிலிருந்து திரும்பும்போது நம் ஆய்வகத்து நண்பர்கள் சிலர், “நீங்கதான் அவங்களோட ரொம்ப நாள் இருந்தவங்க, நீங்களே எழுதுங்க மேடம்” என்றார்கள். எழுதுகிறேன். ஆனால் மாதா கோயிலில் அன்று நீங்கள் எல்லோரும் பேசியதுபோல என்னால் எழுத முடியாது. தங்கமான மனசு என்றீர்கள். யாரையும் கடிந்து பேசாதவர் என்றீர்கள். எல்லாம் உண்மைதான், ஒன்றைக்கூட நான் மறுக்கவில்லை. தங்கமான மனசுக்காரியின் பக்கத்து மேசையில் வருடக்கணக்கில் உட்கார்ந்து வேலை பார்த்திருந்தால் உங்களுக்கும் தெரிந்திருக்கும், வயிறு எப்படி எரியும் என்று.

எனக்கு ரோஸ்லின் மேல் பொறாமை. அது அவளுக்கும் தெரியும். தெரிந்துகொண்டே, “இன்னாடி, இன்னிக்கி மூஞ்சி இந்த நீளத்துக்குப் போவுது?” என்று கேட்டுவிட்டு என் டப்பாவிலிருந்து எலுமிச்சை சாதத்தை எடுத்துத் தின்பாள். இத்தனை வருடத்தில் அவள் விஷயத்தில் எனக்கு இருந்த ஆசை ஒன்றுதான். ஒரு நாள், ஒரே ஒரு நாள், என்னைப் பார்த்து அவள் பொறாமைப்பட வேண்டும். அவள் முகம் சுண்டிப்போவதை நான் என் கண்ணால் பார்க்க வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

நாங்கள் இருவரும் தொண்ணூற்று மூன்றில் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். அவள் சிவாஜிநகர்க்காரி, அம்மா பள்ளி ஆசிரியை. நான் ஸ்ரீராம்புரம், அப்பா மில் தொழிலாளி. எங்கள் தலைவர் மூர்த்தி சார் இருவரையும் ஒரே அறையில் உட்காரவைத்து ஒரே வேலையைக் கொடுத்தார். அந்த வேலை என்ன என்பதை, நம் துறையில் இல்லாத அவளுடைய சொந்தக்காரர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால், கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். ஒரு பொருளின் மேல் அகச்சிவப்பு ஒளியைச் செலுத்தினால், அது தனக்குப் பிடித்த பங்கை விழுங்கிக்கொண்டு மீதியை வெளியே விட்டுவிடும். எந்தப் பங்கு குறைகிறது என்று பார்த்து, உள்ளே இருப்பது எது என்று சொல்லிவிடலாம். ஐ.ஆர். மெஷின் என்று நாங்கள் சொல்வது அந்தக் கணக்கைத்தான் மேடும் பள்ளமுமான ஒரு கோடாகக் காகிதத்தில் வரைந்து கொடுக்கும். எண்ணெய், மருந்து, பிளாஸ்டிக் எதைக் கொடுத்தாலும் சமர்த்தாகச் சொல்லும். தண்ணீரைக் காட்டினால் மட்டும் குருடாகிவிடும். ஏனென்றால் தண்ணீர் ஒரு பெருந்தீனிக்காரன். பந்தியில் முதல் ஆளாக உட்கார்ந்து ஒளி முழுவதையும் தானே தின்றுவிடும். அதில் கரைந்திருக்கிற துளி விஷத்துக்கு இலையில் ஒன்றுமே மிஞ்சாது. போர் தண்ணீரில் கரைந்திருப்பதை அந்த மெஷின் பார்க்கும்படி செய்ய வேண்டும். அதுதான் வேலை.

முதல் வாரத்திலேயே அவள் யார் என்பது தெரிந்துவிட்டது. கண்ணாடி அகச்சிவப்பு ஒளியை மறித்துவிடும் என்பதால், சோதிக்க வேண்டிய எண்ணெயை உப்பில் செய்த இரண்டு வில்லைகளுக்கு நடுவே வைப்போம். பார்க்கக் கண்ணாடி மாதிரியே பளபளவென்று இருந்தாலும் அது உப்புதான், நாம் ரசத்தில் போடுகிற அதே உப்பு. நான் கையுறை மாட்டிக்கொண்டு, அதன் மேல் மூச்சுகூட விடாமல் எடுத்து வைப்பேன். ரோஸ்லின் வந்தாள். தூசியாக இருக்கிறதே என்று ஈரத்துணியை எடுத்து, வீட்டு ஜன்னலைத் துடைப்பதுபோல அழுந்தத் துடைத்தாள். வெளிநாட்டிலிருந்து வந்த வில்லை அது. வெல்லக்கட்டி மாதிரி குழிந்துபோனது. நானாக இருந்தால் அன்றைக்கே ராஜினாமா எழுதியிருப்பேன். அவள் அறையை விட்டு வெளியே போய், வராந்தாவில் நின்று, “சார், நான் உப்பக் கழுவிட்டேன்” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

மூர்த்தி சார் கோபக்காரர். அடுத்து என்ன நடக்கும் என்று ஆவலாகவே காத்திருந்தேன். அவர் வில்லையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, “ஏன்ரீ ரோஸ்லின், உப்பிகே ஸ்நான மாடிசிபிட்ரா?” என்று கன்னடத்தில் கேட்டார். உப்பைக் குளிப்பாட்டிவிட்டீர்களா என்று. அறையே சிரித்தது. அவரும் சிரித்தார். நான் அந்த வாரம் ஒரு தப்பும் செய்யவில்லை. என்னைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை, யாருக்கும் என் பெயரும் தெரியவில்லை. “தப்பு பண்ணா சத்தமா பண்ணனும்டி. அப்பத்தான் அடுத்த ஆளு பண்ண மாட்டான்” என்று அன்று சாயங்காலம் டீ குடிக்கும்போது சொன்னாள். பிற்பாடு நம் ஆய்வகத்துக்கு வந்த பிள்ளைகளுக்கெல்லாம் அவள் முதல் பாடமாக இதைச் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

வேலைக்கு வருவோம். என் வழி கழித்தல். சுத்தமான தண்ணீருக்கு ஒரு கோடு எடு, அழுக்குத் தண்ணீருக்கு ஒரு கோடு எடு, இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கம்ப்யூட்டரில் கழித்துவிடு. மிஞ்சுவதுதான் கரைந்திருப்பது. கேட்க எளிது. ஆனால் தண்ணீர் காலையில் ஒரு மாதிரி, மதியம் ஒரு மாதிரி. கொஞ்சம் சூடு ஏறினாலும் அதன் கோடு நகர்ந்துவிடும். கழித்தால் இல்லாத மேடெல்லாம் முளைக்கும். பெங்களூர்க் குளிரில் காலையில் எடுத்த கோடும் வெயில் ஏறியபின் எடுத்த கோடும் சம்பந்திச் சண்டை மாதிரி ஒத்தே போகாது. ஒவ்வொரு சூட்டுக்கும் தண்ணீரின் கோட்டைத் தனித்தனியாக எடுத்துவைத்து, மாதிரியின் சூட்டைப் பார்த்து அதற்குச் சரியான கோட்டைத் தேர்ந்து கழிக்கும் முறையை நான் உருவாக்கிக்கொண்டிருந்தேன். மூன்று வருடம். தெர்மாமீட்டரோடு குடித்தனம் நடத்தினேன் என்றே சொல்லலாம். ரோஸ்லின் வந்து எட்டிப் பார்ப்பாள். “தண்ணிகிட்ட சண்ட போடாதடி திலகா. அது எப்பவும் ஜெயிச்சிடும்” என்பாள். சண்டை போடாமல் என்ன செய்வதாம் என்று கேட்டால், தெரியாது என்பாள்.

அவளுக்குத் தெரிந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கோடைக்காலம். ஊர் முழுக்கத் தண்ணீர்த் தட்டுப்பாடு. மதியச் சாப்பாட்டில் அவள் அலுத்துக்கொண்டாள். வீட்டில் குடம் போதாமல், காலியாக இருந்த சீமெண்ணெய் கேனில் அவள் அம்மா தண்ணீர் பிடித்துவைத்துவிட்டாராம். “எத்தினி தடவ கழுவியும் நாத்தம் போவலடி. குளிச்சா ஒடம்பெல்லாம் ஸ்டவ் வாசன.” நான் சொன்னேன்: “எங்க வூட்லயும் அந்தக் கேன் ஒண்ணு கெடக்குது. புளி போட்டுத் தேச்சாச்சு, சோப்புத்தூள் போட்டாச்சு, ஒரு வாரம் வெயில்ல காயவெச்சாச்சு. பிளாஸ்டிக்கு சீமெண்ணெயக் குடிச்சிச்சுனா குடிச்சதுதான். துப்பாது.”

ரோஸ்லின் சாப்பிடுவதை நிறுத்தினாள். “தண்ணியக் குடிக்குதா?” என்றாள்.

“எது?”

“பிளாஸ்டிக்கு. தண்ணியக் குடிக்குதா?”

“தண்ணி எப்படிடி குடிக்கும். கவுத்தா ஊத்திட்டுப் போவுது.”

அவள் கையைக்கூடக் கழுவாமல் எழுந்து போனாள். மறுநாள் ரப்பரை ஒரு திரவத்தில் கரைத்து, தண்ணீரைச் சோதிக்க மெஷினில் வைக்கிற, உப்பு போலக் கரையாத எங்கள் மஞ்சள் படிகத்தின் மேல் ஒரு சொட்டு விட்டு, பாலாடையைவிட மெல்லிய படலமாகக் காயவிட்டாள். அந்தப் படிகத்துக்குள் ஒளி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குதித்துக்கொண்டே ஓடும். ஓடும்போது படிகத்துக்கு வெளியே துளியூண்டு எட்டிப் பார்க்கும். எட்டிப் பார்க்கிற அந்த இடத்தில் இதுவரை தண்ணீர் நின்றுகொண்டிருந்தது. இப்போது ரப்பர் நிற்கிறது. தண்ணீரை ரப்பர் அண்டவிடாது. தண்ணீரில் கரைந்திருக்கும் பெட்ரோலையும் கரைப்பானையும் மட்டும் தன் பக்கம் இழுத்துச் சேர்த்துக்கொள்ளும். பந்தியில் பெருந்தீனிக்காரனை உட்காரவே விடவில்லை அவள்.

கோடு வந்தபோது அதில் மேடு தெளிவாக நின்றது. எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய், கொல்லையில் கிடந்த எங்கள் சீமெண்ணெய் கேனை ஒரு உதை விட்டேன். அது எங்கேயோ போய் விழுந்தது. அம்மா ஓடிவந்து என்ன என்று கேட்டாள். புளி போட்டுத் தேய்த்தவள் நான், துப்பாது என்று வாயால் சொன்னவளும் நான். பெங்களூரில் எந்த வீட்டில்தான் அந்தக் கேன் இல்லை? சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தவள் அவள் ஒருத்திதான்.

அதோடு விட்டதா. அடுத்த வருடம் எங்கள் தெருவிலேயே போர் தண்ணீரில் வாடை வருகிறது என்று புகார் கிளம்பியது. அதிகாரிகள் வந்து பார்த்து ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பிள்ளைகளுக்கு வயிற்றுவலி, பெரியவர்களுக்குத் தலைவலி. நான்தான் பாட்டில்களில் தண்ணீர் பிடித்து ஆய்வகத்துக்கு எடுத்துப்போனேன். ரோஸ்லினின் படலத்தை வைத்து எடுத்த கோட்டில் பெட்ரோலின் அடையாளம் வந்தது. தெருவுக்குப் பின்னால் எப்போதோ மூடிவிட்ட ஒரு ஒர்க்‌ஷாப்பில் மண்ணுக்கடியில் கிடந்த பழைய தொட்டி கசிந்துகொண்டிருந்தது. தோண்டி எடுத்தார்கள். வேறு போர் போட்டார்கள்.

இதில் ஒரு விஷயம் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. நானாகச் சொன்னால்தான் உண்டு. படலம் தண்ணீரை முழுவதும் விரட்டிவிடாது. கொஞ்சம் ஈரம் உள்ளே வரத்தான் செய்யும். எங்கள் தெருத் தண்ணீரில் இருந்த பெட்ரோலின் மேடு மிகச் சிறியது, அந்த ஈரத்தின் மேட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தது. என் கழித்தலைச் செய்த பிறகுதான் அது வெளியே வந்தது. ரோஸ்லின் இதை அறிக்கையில் எழுதினாள், கூட்டத்தில் சொன்னாள், என் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் போட்டாள். ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் அதிகாரிகளோடு தெருவுக்கு வந்து, பெண்களை எல்லாம் கூட்டிவைத்து, “இந்தத் தண்ணிய அடுப்புக்குக்கூட எடுக்காதீங்கம்மா” என்று கன்னடத்திலும் தமிழிலும் உருதுவிலும் மாற்றி மாற்றிப் பேசியது அவள். ஆகவே எங்கள் தெருவுக்கு அது “ரோஸி மேடம் டெஸ்ட்”. நான் பிறந்து வளர்ந்த தெரு. என் அம்மாவே அவளுக்குக் காபி கொடுத்துவிட்டு, அவள் போனபின் என்னிடம், “அந்தப் பொண்ணு எவ்ளோ கெட்டிக்காரி பாரு. நீயும் அங்கதான வேல செய்யற, கொஞ்சம் கத்துக்கக் கூடாதா?” என்று கேட்டாள். பெற்ற தாய் கேட்கிற கேள்வியா இது.

ஒரு தடவை அவள் தோற்றாள் என்று நினைத்தேன். டில்லியிலிருந்து பெரிய அதிகாரிகள் எங்கள் முறையைப் பார்க்க வந்திருந்தார்கள். அன்றைக்கென்று நான் பீரோவிலிருந்து அரக்கு நிறப் பட்டுப்புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு போனேன். ரோஸ்லின் வழக்கம்போல ஒரு காட்டன் சுடிதார். முதலில் சுத்தமான தண்ணீரைக் காட்டி, மெஷின் ஒன்றுமில்லை என்று சொல்வதைக் காட்ட வேண்டும். காட்டினாள். ஒன்றுமில்லாத தண்ணீரில் ஒரு மேடு வந்து நின்றது. படலத்தை மாற்றினாள். மறுபடியும் மேடு. தண்ணீரை மாற்றினாள். மறுபடியும். அதிகாரிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூர்த்தி சார் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். எனக்குள் ஏதோ ஒன்று மெல்ல எழுந்து உட்கார்ந்தது. சந்தோஷம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ரோஸ்லின் அந்தக் கோட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு திரும்பி என்னிடம் வந்து, அத்தனை பேருக்கு முன்னால் என் தோளில் மூக்கை வைத்து மோந்தாள். “பாச்சா உருண்டை” என்றாள். பீரோவில் பட்டுக்கு நடுவே அம்மா போட்டுவைக்கிற பாச்சா உருண்டைதான். காலையில் படலங்களைக் காயவைத்தபோது பக்கத்தில் நின்றது நான். ரப்பர் என் புடவையிலிருந்து குடித்துவைத்திருந்தது. அவள் என்னை வராந்தாவுக்கு அனுப்பிவிட்டு, வேறு அறையில் புதிதாகப் படலம் காயவைத்து எடுத்தாள். கோடு சுத்தமாக வந்தது. அதிகாரிகள் அசந்துபோனார்கள். புடவையின் வாசனையைக்கூட விடாத முறை என்று அதையே பெரிதாகப் பேசிக்கொண்டு போனார்கள். என்னால் கெட்டது, கெட்டதாலேயே அவளுக்கு நல்லதாகிவிட்டது. அதிர்ஷ்டம் இருந்தால் ஓட்டைப் பானையிலும் கொழுக்கட்டை வேகும் என்பார்களே, அப்படி.

அன்றிலிருந்துதான் நம் அறை வாசலில் அந்த வழக்கம் வந்தது. மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு வருகிறவர்கள் பூவை எடுத்து வெளியே எவர்சில்வர் தட்டில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். சென்ட், தலைக்கு வாசனை எண்ணெய், விக்ஸ் எதுவும் கூடாது. ஜலதோஷம் பிடித்த பையன்கள் பாவம், அவளிடம் கெஞ்சுவார்கள். “நக்கோப்பா, வேணாம். வெளிய நின்னு தேச்சிக்கினு காத்தாட நடந்துட்டு வா” என்பாள். உள்ளே வரும் ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு நிமிடம் நின்று மூச்சை இழுப்பாள். “மூக்குதான்டா மொத மெஷின்” என்பாள். சாயங்காலம் பூவை எடுத்து மறுபடி தலையில் வைத்துக்கொண்டு போகும்போது அது வாடியிருக்கும். ஒருத்தியும் அவளைக் குறை சொன்னதில்லை. நான் அந்த வழக்கத்தைக் கொண்டுவந்திருந்தால் என்னைச் சபித்திருப்பார்கள்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. என்னால் தாங்க முடியாதது வேறு ஒன்று. கழித்தல் முறைக்காக ஜெர்மனியில் ஒரு கருத்தரங்குக்கு என்னைத் தனியாக அழைத்தார்கள். அவளை அழைக்கவில்லை. கடிதம் வந்த அன்று அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, எப்போது சொன்னால் நன்றாக உறைக்கும் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். சாப்பிடும்போது சொன்னேன். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னேன். அவள் எழுந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அறை அறையாகப் போய், “நம்ம திலகா ஜெர்மனிக்குப் போறா” என்று சொல்லிவந்தாள். மறுநாள் சிவாஜிநகரில் யாரிடமோ சொல்லி ஒரு கம்பளிக் கோட்டு வாங்கிவந்து, “அங்க பனி கொட்டுமாம், சளி பிடிச்சிக்கினு வராத” என்று கையில் திணித்தாள். கோட்டு எனக்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரி இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு அந்த ஊர்ப் பனியில் நடந்தபோது உடம்பு கதகதவென்று இருந்தது, மனசு மட்டும் குமுறிக்கொண்டே இருந்தது. ஒரு மனுஷிக்குப் பொறாமைப்படக்கூடவா தெரியாது? நான் எவ்வளவு உயரத்தில் ஏறி நின்றாலும் அவள் கீழே நின்று கைதட்டிக்கொண்டிருந்தால், ஏறியதற்கு என்ன பலன்?

ஒருநாள் வாய்விட்டே கேட்டுவிட்டேன். “உனக்கு யார் மேலயும் பொறாமையே வராதாடி?” “வரும். ஆனா ஒன் மேல வரல. நீ ஜெயிச்சா எனக்கும் அரை நாள் வேல மிச்சம்” என்றாள்.

போன வருடக் கடைசியில் அவளுக்கு நோய் என்று தெரிந்தது. முதலில் வாரத்தில் சில நாள் வந்தாள், பிறகு மாதத்தில் சில நாள், பிறகு வரவில்லை. அவள் மேசை காலியாக இருந்தது. அவளுடைய முறையில் ஒரு குறை இருந்தது, உங்களில் பலருக்கும் தெரியும். படலம் தண்ணீரிலிருந்து பெட்ரோலைக் குடிக்க நேரமாகும். சோற்றுக்கு உலை வைத்து, வடித்து இறக்கிவிட்டே வந்து உட்காரலாம், அத்தனை நேரம். பத்துத் தெருவின் தண்ணீரை ஒரே நாளில் பார்க்க முடியாது. படலத்தை ஒட்டி நிற்கிற தண்ணீரில் இருப்பதைப் படலம் குடித்துவிடுகிறது; தள்ளி நிற்கிற தண்ணீர் கிட்டே வரத் தாமதமாகிறது. காரணம் இருவருக்கும் தெரியும். மோட்டார் வைத்துத் தண்ணீரை ஓடவிட்டுப் பார்த்தோம். மோட்டாருக்குள்ளும் குழாயிலும் இருக்கிற பிளாஸ்டிக்கே பாதிப் பெட்ரோலைக் குடித்துவிட்டது. அவள் அதை அப்படியே விட்டுவைத்திருந்தாள். இது நான் ஏற வேண்டிய படி என்று எனக்குத் தெரிந்தது.

இந்த மே மாதம், கத்திரி வெயிலில், எங்கள் தெருச் சிவன் கோயிலுக்கு அம்மாவை அழைத்துப்போயிருந்தேன். அக்கினி நட்சத்திரம் என்பதால் லிங்கத்துக்கு மேலே தாரா பாத்திரம் கட்டியிருந்தார்கள். அடியில் ஓட்டை போட்ட செம்பு. அதிலிருந்து தண்ணீர் லிங்கத்தின் உச்சியில் விடாமல் விழுந்து, மெல்லிய ஏடாகப் பரவி, வழிந்து, போய்க்கொண்டே இருந்தது. மோட்டாரும் கிடையாது, குழாயும் கிடையாது. நான் விபூதியை வாங்காமல் நின்றுவிட்டேன். அர்ச்சகர் கையை நீட்டியபடியே நிற்கிறார். அம்மா என் இடுப்பில் இடித்தாள்.

ஊதுகண்ணாடி வேலை செய்பவரிடம் மூடியுள்ள ஒரு கண்ணாடிப் பாத்திரமும் அதற்கடியில் தண்ணீர் விழ ஒரு கண்ணாடி மூக்கும் செய்து வாங்கினேன். படிகத்தைச் சாய்த்து வைத்து, படலத்தின் மேல் தண்ணீரைத் தாரையாக விழவிட்டேன். ஏடு மாதிரி ஓடிய தண்ணீரில் புதிது புதிதாகப் பெட்ரோல் வந்துகொண்டே இருந்தது. படலம் குடித்துக்கொண்டே இருந்தது. கடுகு தாளிக்கிற நேரத்தில் மேடு வந்துவிட்டது. ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்ப. எனக்கும் ஒரு சீமெண்ணெய் கேன் கிடைத்துவிட்டது. அவளுக்குத் தோன்றாதது, என் வீட்டுப் பக்கத்திலிருந்து, என் கண்ணுக்கு மட்டும்.

நேரே சிவாஜிநகருக்குத்தான் போனேன். இரக்கமில்லாதவள் என்று சொல்வீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். ஜோசப் கதவைத் திறந்து, “இப்பத்தான் கொஞ்சம் கஞ்சி குடிச்சா” என்றார். அவள் ஜன்னலோரக் கட்டிலில் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தாள். கையெல்லாம் குச்சியாகப் போயிருந்தது. என்னைப் பார்த்ததும், “இன்னாடி, கையில இன்னா?” என்றாள். நான் காகிதத்தை அவள் மடியில் விரித்தேன்.

பார்த்தாள். அடியில் எழுதியிருந்த நேரத்தைப் பார்த்தாள். மறுபடி கோட்டைப் பார்த்தாள். “மோட்டாரா?” என்றாள். இல்லை என்றேன். “அப்புறம்?” நான் தாரா பாத்திரத்தைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. “தண்ணி விழற மூக்கும் கண்ணாடிதானா? பிளாஸ்டிக்கே இல்லியா?” என்றாள். “இல்ல.” “சாச்சு வெச்சியா, நிமித்தியா?” “சாச்சு.” விரலால் அந்த மேட்டை ஒரு தடவை தடவினாள். “எனக்குத் தோணலியேடி” என்றாள்.

காகிதத்தை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை. சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்: “பொறாமையா இருக்குடி திலகா.”

வருடக்கணக்கில் நான் காத்திருந்த சொல். அது காதில் விழுந்த கணத்தில் எனக்கு ஜில்லென்று இருந்தது, பொய் சொல்லமாட்டேன். “இதுக்கா?” என்று காகிதத்தை ஆட்டிக் கேட்டேன்.

“சீ, அது யார் செஞ்சா என்னா. அதுக்கில்ல.” அவள் குரல் உடைந்தது. “நாளைக்குக் காலையில நீ போயி அந்த மெஷின ஆன் பண்ணுவ பாரு. அதுக்கு.”

கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். எலும்பு கைக்குத் தட்டுப்பட்டது. சமையலறையில் ஜோசப் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்று, மறுபடி கேட்டது. எழுந்து வரும்போது அவள் தூங்கிவிட்டாள். அதற்குப் பிறகும் இரண்டொரு முறை பார்க்கப் போனேன். அவளால் அதிகம் பேச முடியவில்லை.

படலம் எல்லோருக்கும் சொந்தம். அவள் சொன்ன வார்த்தைகளை நீங்கள் ஆளுக்கு ஒன்றாகச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள், சொல்லுங்கள். அன்பை எல்லோருக்கும் வாரிக் கொடுத்தாள். அதில் எனக்கு வந்த பங்கும் உங்களுக்கு வந்த அளவுதான். பொறாமையை மட்டும் அவள் வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. அது என்னிடம் இருக்கிறது. இன்று காலையும் போய் மெஷினை ஆன் பண்ணினேன்.